லவுரிந்தாவின் ஊர்க்காரன்

"உங்க கடல்ல எந்தச் சுறா இருக்கு?"

கொதிக்கும் எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டபடி லவுரிந்தா கேட்கிறாள். எதிரே பலகையில் உட்கார்ந்திருப்பவர் பெய்ரா துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டி வந்தவர். மிதவைப் படகு அக்கரையில் நிற்கிறது. அது வரும்வரை வயிற்றைக் கவனிக்கலாம் என்று வந்தவரிடம்தான் இந்தக் கேள்வி.

"சுறாவா? எனக்கென்னக்கா தெரியும்?"

"பெய்ரால பொறந்தவன் பேசுற பேச்சா இது? பால் சுறா உங்க வாசப்படியிலதான் குட்டி போடுது. இத்தனூண்டு இருக்கும். சேத்துத் தண்ணிதான் அதுக்குத் தொட்டில். வீட்டுக்குப் பக்கத்துல இருக்குறவனைத் தெரியலன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?"

அவர் சிரித்துக்கொண்டே களியை உருட்டுகிறார். தட்டில் இன்னொரு மீன் விழுகிறது. லவுரிந்தாவிடம் திட்டு வாங்கினால் ஒரு மீன் கூடுதலாக உண்டு. துறையில் எல்லாருக்கும் இது தெரியும். அதற்காகவே தெரியாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சாம்பேசி ஆறு எங்கள் துறையில் அகலமாக, அவசரம் இல்லாமல், தேநீர் நிறத்தில் ஓடுகிறது. கடல் இங்கிருந்து வெகு தூரம். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாணல் பந்தலின் கீழ் மூன்று கல் அடுப்பைக் கூட்டிக்கொண்டு, உலகத்துச் சுறாக்களில் எது எங்கே குடியிருக்கிறது என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் சைக்கிள் கடை அவள் அடுப்புக்கு நேர் எதிரே. பஞ்சர் ஒட்டிக்கொண்டே நான் கேட்ட சுறாக்களுக்கு அளவே இல்லை.

பெரிய உடம்பு அவளுக்கு. தோள்கள் இரண்டும் படகு தள்ளுகிறவனுடைய தோள்கள். தலையில் கட்டும் துணி எப்போதும் மஞ்சள்தான். ஏன் என்று கேட்டால், "தூரத்துலருந்தே நான் வர்றது தெரியணும், ஒதுங்குறவங்க ஒதுங்கட்டும்" என்பாள். பேசும்போது இடது கை தானாக நீந்தத் தொடங்கிவிடும். புலிச் சுறா என்றால் கை சோம்பலாக வளைந்து வளைந்து போகும். கொம்பன் சுறா என்றால் இரண்டு முஷ்டிகளையும் கன்னத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிவைத்துக்கொண்டு, கண்களை அகல விரித்து, வாடிக்கையாளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பாள். குழந்தைகள் அழுதுவிடும். சாப்பிட உட்காருமுன் நாக்கில் ஒரு உப்புக்கல்லை வைத்துக் கரைய விடுவாள். அதனால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் உப்புக்காரி. வசவாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பரம்பரையாக வந்த பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

பிறந்தது சிந்தேயில். ஆறு கடலில் கலக்கிற இடம் அது. அப்பா சுறாத் தூண்டில்காரர். மிதவைப் படகில் கயிறு இழுக்கும் ஜொஃப்ரி ஒருமுறை நாணல் பாய் விற்க அங்கே போனான். பாயை விற்றுவிட்டு இவளோடு திரும்பினான். ஜொஃப்ரி பேச்சில் சிக்கனக்காரன். நாள் முழுக்கச் சேர்த்துவைத்து இரவில் இரண்டு வார்த்தை செலவழிப்பான் என்று லவுரிந்தா கேலி செய்வாள்.

"சுறான்னு மொட்டையா சொல்லாதீங்க மேஸ்திரி" என்று என்னிடம் அடிக்கடி சண்டைக்கு வருவாள். "மனுஷன்னு மட்டும் சொன்னா போதுமா? எந்த ஊரு, எந்த வீடுன்னு சொல்ல வேணாமா?"

அவள் சொல்லுவாள். வெள்ளைச் சுறா தெற்கே கண்டம் முடிகிற கேப் பக்கம், கடல்நாய்கள் படுத்திருக்கும் பாறைகளைச் சுற்றி இருக்கிறது. "குளுர் தாங்குற உடம்பு அது. நம்ம வெயிலுக்கு விருந்துக்குக் கூப்பிட்டாலும் தங்காது. வந்தாலும் எட்டிப் பாத்துட்டுப் போயிடும்." எல்லாவற்றிலும் பெரிய புள்ளிச் சுறா இன்யம்பானே கடற்கரையோரம். வாயைத் திறந்தால் ஒரு ஆள் நுழையலாம், தின்பதோ கண்ணுக்குத் தெரியாத பொடி. "அவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு யாரையும் ஒண்ணும் பண்ணாது. எங்க மாமியாருக்கு நேர் எதிர்." கொம்பன் கூட்டமாக ஆழத்தில், கடலுக்குள் முளைத்த மலைகளைச் சுற்றிவரும். புலிச் சுறாவுக்கு வெயில் படுகிற கடல் எல்லாமே வீடு. ஆமை, பறவை, தகர டப்பா எது கிடைத்தாலும் தின்னும். பவளப் பாறைக்கு அடியில் ஒன்று பகல் முழுக்கப் படுத்தே கிடக்கும். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் படகுக் கயிற்றின் மேல் தூங்கும் தன் கணவனைப் பார்த்துக்கொள்வாள்.

இதில் பாதி அப்பாவிடம் கேட்டது. மீதி இந்தத் துறையைக் கடந்து போகிறவர்களிடம் பிடுங்கியது. சாலை போட வந்த நோர்வேக்காரர் ஒருவர், தங்கள் பக்கம் பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கு அடியில் ஒரு சுறா நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடிருக்கிறது என்றார். லவுரிந்தா அவருக்கு மீனைக் கொடுத்தாள், கதையை வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த க்யூபா டாக்டரிடம் விசாரித்தாள். அவரும் அதையே சொன்ன பிறகுதான் பனிக்கடல் சுறா அவள் உலகத்தில் குடியேறியது. அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: மத்திய அமெரிக்காவில், நிகராகுவாவில், நல்ல தண்ணீர் ஏரி ஒன்றில் சுறா இருக்கிறது, கடலிலிருந்து ஆறு வழியாக ஏறி வருகிறது என்று. லவுரிந்தா அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள்.

"மூக்கு மழுங்கலா இருக்குமா? கழுத்து காளை மாதிரி?"

"ஆமா. காளைச் சுறா. உங்க நாட்டுப் பக்கம் அதுக்கு இந்த ஆத்துப் பேரையே வெச்சிருக்காங்க. சாம்பேசிச் சுறான்னு."

"எங்க ஊர்க்காரன்!" என்று கத்தினாள். "மேஸ்திரி, கேட்டீங்களா? எங்க ஊர்க்காரன் அங்கயும் போயிருக்கான்! உப்புலயும் இருப்பான், நல்ல தண்ணியிலயும் இருப்பான். வேற எவனுக்கு முடியும்?"

அன்று துறையில் இருந்த எல்லாருக்கும் மீன் இலவசம். எல்லாரும் தின்றார்கள், ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஆற்றில் முதலை உண்டு, நீர்யானை உண்டு. உப்புத் தண்ணீர் மீன் இங்கே எப்படி வரும்? நானும் நம்பவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்து ஆறு வடியத் தொடங்கிய சமயம் பாவ்லினோவை ஏதோ ஒன்று கடித்தது.

பாவ்லினோ ஊர்த்தலைவர் தோம்போவின் மருமகன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை அலசிக்கொண்டிருந்தான். அலறல் கேட்டு நாங்கள் ஓடியபோது அவனே கரைக்குத் தவழ்ந்து வந்திருந்தான். கெண்டைக்காலில் சதை போயிருந்தது. துணியை இறுகக் கட்டி, கதவுப் பலகையில் கிடத்தி, லாரி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவன் பிழைத்துக்கொண்டான். பிழைத்ததுதான் வினையாயிற்று.

"முதலை புடிச்சா விடாது. உள்ள இழுத்துட்டுப் போயிடும்" என்றார் தோம்போ. "இது கடிச்சிட்டு விட்டுச்சு. அப்போ இது யாரோ சூனியம் வெச்சு அனுப்பின முதலை."

அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு வெகுநேரம் ஆகவில்லை. கரையோரம் தனியாக இருப்பவள் ஷிக்கா. கணவன் செத்த பிறகு நாணல் அறுத்துப் பாய் முடைந்து பிழைப்பவள். போன வாரம்தான் நாணல் திட்டு யாருக்கு என்று பாவ்லினோவோடு வாய்ச்சண்டை போட்டிருந்தாள். "நீ நல்லா இருக்க மாட்டே" என்று சொன்னதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். கோபத்தில் யாரும் சொல்கிற சொல்தான். ஆனால் கடிபட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு வேறு எடை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் கையில் கொள்ளிக்கட்டை. எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கூட்டம் எதில் போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஷிக்கா கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்றாள். கையில் பாதி முடைந்த பாய். "நான் ஒண்ணும் அனுப்பல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் துணி வந்தது.

"தலைவரே, அந்தக் காலை நானும் பாத்தேன். கட்டுப் போட்டதே நான்தான். முதலை கடிச்சா ஆணி அடிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், திருகிப் பிச்சிருக்கும். இது பிறை மாதிரி வழிச்சு எடுத்திருக்கு. இந்த வாயை எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்குத் தோள்ல இதே கடி இருந்துச்சு. இது எங்க ஊர்க்காரன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "உப்புக்காரிக்கு எதைப் பாத்தாலும் சுறா!"

தோம்போ சிரிக்கவில்லை. "உன் ஊர்க்காரனா? அப்போ அவனை இங்க வரவழைச்சது யாரு? தெனம் அடுப்பாண்ட உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடுறது யாரு?"

எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. ஒரு நொடியில் குற்றம் ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்கு மாறுவதை நான் அன்றுதான் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஜொஃப்ரி போதும் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினான். இப்போதாவது அவள் பின்வாங்குவாள் என்று நினைத்தேன். "எனக்கென்ன தெரியும், முதலையாத்தான் இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"புடிச்சுக் காட்டுறேன்" என்றாள். "அதுவரைக்கும் இவ மேல ஒருத்தன் கை படக்கூடாது."

"ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள காட்டு" என்றார் தோம்போ. "இல்லன்னா ரெண்டு பேரும் ஊரை விட்டுக் கிளம்புங்க."

கூட்டம் கலைந்தது. ஜொஃப்ரியும் லவுரிந்தாவும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்" என்றான் ஜொஃப்ரி.

"இருந்திருக்கலாம்."

அவன் ஆற்றைப் பார்த்தான். அவனுக்குச் சுறாவைத் தெரியாது. படகைக் கயிறு பிடித்து இழுக்கத்தான் தெரியும். "எவ்வளவு கயிறு வேணும்?" என்று கேட்டான்.

நான் லாரியின் பழைய வில்பட்டையை உலையில் காய்ச்சி, உள்ளங்கை அகலத்துக்குக் கொக்கி வளைத்தேன். கயிற்றைக் கடித்துவிடும் என்று அவள் சொன்னதால் கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் பிரேக் கம்பி கோர்த்தேன். மிதவைக்கு மஞ்சள் எண்ணெய்க் கேன்கள். இரைக்குப் பெரிய கெளுத்தி, ரத்தம் சொட்டச் சொட்டக் கீறியது. கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா இருந்தா உங்களை வேலைக்கு வெச்சிருப்பார் மேஸ்திரி" என்றாள். நான் வாங்கிய பாராட்டுகளிலேயே பெரியது அதுதான்.

முதல் நாள் தூண்டிலில் விழுந்தது முதலை. நல்ல பெரிய முதலை. கேன்களை உருட்டி, கம்பியை முறுக்கி, இரையைத் தின்றுவிட்டுப் போயிற்று. கரையில் ஒரே கூச்சல்.

"உப்புக்காரி, உங்க ஊர்க்காரனுக்கு காலு முளைச்சிருக்கு பாரு!"

"வாலும் செதிலும் வெச்சு அனுப்பியிருக்கா ஷிக்கா!"

அந்த இரண்டு மூன்று நாட்களும் லவுரிந்தா மீன் பொரித்தாள், ஆனால் யாரிடமும் எந்தக் கடல் என்று கேட்கவில்லை. மிதவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிக்காவைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் ஜொஃப்ரி படுத்துக்கொண்டான், கைக்கெட்டும் தூரத்தில் துடுப்பு.

சனிக்கிழமை அவள் இடத்தை மாற்றினாள். முதலைகள் வெயில் காயும் மணல்திட்டை விட்டு, தண்ணீர் கலங்கி ஆழமாக ஓடும் வளைவுக்கு. "கலங்கல்தான் அவனுக்கு வீடு. கண்ணால தேடுறவன் இல்ல அவன்" என்றாள்.

ஞாயிறு காலை, தேவாலயத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, கேன்கள் முங்கின. மேலே வந்தன. மறுபடி முங்கி, ஆற்றின் போக்குக்கு எதிராக, மேல்நோக்கி ஓடின.

"முதலை கரைக்கு இழுக்கும்!" என்று லவுரிந்தா கத்தினாள். "இது ஆத்தை எதுத்துப் போகுது! புடிங்க!"

ஜொஃப்ரி கயிற்றை மரத்தில் சுற்றினான். நான் பிடித்தேன். பாட்டு பாதியில் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் பிடித்தார்கள், நேற்றுவரை கேலி செய்தவர்களும். உள்ளங்கை தோல் உரிந்தது. ஜொஃப்ரி, வார்த்தைக்கு அவ்வளவு சிக்கனமாக இருந்தவன், படகுக்காரர்களின் இழுவைப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினான். கடைசியில் கலங்கல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முதுகுத் துடுப்பு எழுந்தது. கயிறு பிடித்திருந்தவர்களில் பலர் அப்படி ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கரையில் கிடந்தது. சாம்பல் நிற முதுகு, வெள்ளை வயிறு, மழுங்கிய மூக்கு, சின்னக் கண், காளைக் கழுத்து. என் இரண்டு கைகளை விரித்தாலும் போதாத நீளம். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். கால் இருக்கிறதா என்று தேடினார் என்று பிறகு சொன்னார்.

லவுரிந்தா மண்டியிட்டு உட்கார்ந்தாள். அதன் செவுள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நின்றது. ஈர முதுகின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் மெல்லப் பேசியது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"நான் லாரி ஏறி வந்தேன். நீ இத்தனை தூரமும் நீந்தியா வந்தே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாழைத்தண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். துடுப்பால் அதன் வாயை நெம்பித் திறந்து, தண்டை உள்ளே வைத்து, ஜொஃப்ரியை மேல்தாடையின் மேல் ஏறி நிற்கச் சொன்னாள். தண்டை எடுத்துத் தோம்போவிடம் நீட்டினாள். பிறை மாதிரி வழித்திருந்தது. தோம்போ மருமகனின் காலைப் பார்த்தவர். அவர் பிறையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ உன் ஊர்க்காரன்தான் கடிச்சிருக்கான்" என்றார்.

"கடிச்சான். இல்லன்னு சொல்லல. ஆனா அவனை யாரும் அனுப்பல தலைவரே. ஷிக்காவும் அனுப்பல, நானும் அனுப்பல. எங்க ஆளுங்க யாரும் இன்னொருத்தர் அனுப்பி வர்றவங்க இல்ல. கடல் முழுக்க இடமிருக்கு அவனுக்கு. வேற எந்தச் சுறாவுக்கும் முடியாததை இவன் செஞ்சு, நம்ம ஆத்தைத் தேடி வந்திருக்கான். தண்ணி கலங்கலா இருந்துச்சு, கால் எதுன்னு தெரியாம கடிச்சுட்டான். இனிமே துறையில தண்ணிக்குள்ள வேலி கட்டி அதுக்குள்ள மொள்ளுங்க. முதலைக்கும் ஆச்சு, இவனுக்கும் ஆச்சு."

தோம்போ தண்டைக் கீழே போட்டார். கூட்டத்தைப் பார்த்து, "நாளைக்கு வேலிக்குக் கழி வெட்டுறவங்க காலையில வந்துடுங்க" என்றார். அன்றைய கூட்டம் அவ்வளவுதான். ஷிக்காவின் பெயரை அவரும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருப்பதையே தீர்ப்பாக வைத்துக்கொண்டு கலைந்துவிடலாம் என்று ஊர் நினைத்தது.

லவுரிந்தா கலைய விடவில்லை. "எங்க ஊர்ல சுறா வந்தா ஊரே சாப்பிடும். தட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள். சிந்தே வழக்கப்படி தோலை உரித்து, எலுமிச்சையும் உப்பும் போட்டு அலசி, பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் தேங்காய்ப்பாலும் காரமும் கொதிக்கக் கொதிக்கப் போட்டாள். மத்தியானத்துக்குள் வாசனை அக்கரைவரை போயிற்று. மிதவைப் படகு அன்று இரண்டு மடங்கு ஆளோடு வந்தது. வேப்பமரத்து நிழலில் வரிசை நின்றது. வழக்கப்படி முதல் ஆள் தோம்போ. பூப்போட்ட எனாமல் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஷிக்கா, இங்க வா."

நாணல் ஓரமாக ஒதுங்கி நின்றவள் தயங்கித் தயங்கி வந்தாள். லவுரிந்தா பெரிய கரண்டியை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

சூனியக்காரி என்று பெயர் எடுத்தவள் கையால் எங்கள் பக்கம் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். தோம்போவின் தட்டு முன்னே வரவும் இல்லை, பின்னே போகவும் இல்லை. ஷிக்கா கரண்டியை நீட்டியபடியே நின்றாள், குழம்பு திரும்பப் பீப்பாயிலேயே சொட்டியது.

"கை வலிக்கப் போகுது தலைவரே" என்றாள் லவுரிந்தா. "தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க."

தட்டு முன்னே வந்தது. ஷிக்கா ஊற்றினாள். லவுரிந்தா கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தோம்போ முதல் வாயை எடுத்து, மென்று, விழுங்குகிறவரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு அடி விலகி, அடுத்த தட்டுக்கு வழிவிட்டாள்.